கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பூட்டிய பாதை

மாங்குளத்தில் ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற சந்தியிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் ஹாட்வெயார் கடை. சென்ற வாரம் அஸர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தபோது, முறிகண்டிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கையில் ஒரு புதுப் பெட்டியோடு நின்றார். உள்ளே இரண்டு கொம்பு வைத்த வைஃபை ரவுட்டர்.

"நானா, இதுக்குள்ளயே வீ.பி.என். போடலாமாம். போட்டா வங்கி, கமரா, கணக்கு எல்லாமே பாதுகாப்பாம். உண்மையா?" என்றார்.

"அரைவாசி உண்மை" என்றேன். மற்ற அரைவாசியை நான் விளங்கிக்கொள்ள 385,000 ரூபாய்ச் செக் ஒன்று திரும்பி வர வேண்டியிருந்தது. நம்மவர்களில் பலர் இப்போது கடையையும் வீட்டையும் இன்ரநெற் வழியாகவே பார்த்துக்கொள்வதால் இந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

நமது நாட்டில் சாதாரண மனிதன் வீ.பி.என். என்ற சொல்லைக் கற்றுக்கொண்டது 2018 மார்ச் மாதத்தில்தான். திகன, தெல்தெனிய பக்கம் நமது கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட வாரம் அது. மார்ச் 6இல் அவசரகாலநிலை பிரகடனமானது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நிறுத்தப்பட்டன. வெறுப்பைப் பரப்பியவர்களை நிறுத்தத்தான் தடை என்றார்கள். ஆனால் அந்த நேரத்தில் கண்டியிலிருக்கும் உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்பதற்கும் அதே வட்ஸ்அப்தான் நமக்கு வழியாக இருந்தது. பேஸ்புக் மார்ச் 15இல்தான் திரும்பியது. (அந்த வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்கு அதனால் ஒரு தகரமும் வரவில்லை என்பது வேறு விடயம்.) 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு மீண்டும் தடை. ஏப்ரல் 30இல் எடுத்தார்கள். மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் நமது கடைகள் எரிந்தபோது மறுபடியும் தடை.

அடுத்தது 2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. ஊரடங்கு, டீசல் இல்லை, மின்சாரம் இல்லை. றமழான் தொடங்கும் நேரம் வேறு. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு சமூக வலைத்தளங்களை நிறுத்தியது. அன்றைய இளைஞர், விளையாட்டுத்துறை அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே, தான் வீ.பி.என். வழியாக எழுதுவதாகவும் இப்படியான தடைகளால் பயனில்லை என்றும் டுவிட்டரில் சொன்னார். அமைச்சரே சொன்ன பிறகு கடைக்காரன் நாங்கள் சும்மா இருப்போமா? தடை ஒரு நாள்கூட நிற்கவில்லை, அன்று பின்னேரமே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பயம் போகவில்லை. எங்கள் ஓடர்களில் பாதிக்குமேல் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன. ஒட்டுசுட்டான், மல்லாவி, துணுக்காய் பக்கமிருந்து மேசன்மார் பைப்பையும் சீமெந்தையும் எழுதி அனுப்புவார்கள், நாங்கள் ஏற்றி அனுப்புவோம். அது ஒரு வாரம் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தேன்.

அடுத்த கிழமையே கணினி தெரிந்த தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, கடைக்குப் பின்னாலுள்ள வீட்டு ரவுட்டரிலேயே வீ.பி.என். போடச் சொன்னேன். மாதக் கட்டணம் வாங்கும் ஒரு வெளிநாட்டுச் சேவை. போனில் ஒவ்வொன்றாகப் போடத் தேவையில்லை, ரவுட்டரில் போட்டால் வீடு, கடை, பிள்ளைகளின் போன் எல்லாம் ஒரே வழியில் போகும் என்றார். அது சரிதான். எனக்கு நடந்ததும் அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லால்தான்.

நடந்ததைச் சொல்வதற்கு முன், வீ.பி.என். என்றால் என்ன என்பதை நமது வியாபார மொழியில் சொல்லிவிடுகிறேன். 2002 சமாதான காலத்தில் ஏ-9 திறந்தபோது கொழும்பிலிருந்து சாமான் ஏற்றிய லொறிகள் ஓமந்தையில் நிற்கும். சாமானை இறக்கிப் பார்ப்பார்கள், திரும்ப ஏற்ற வேண்டும். அங்கால் போனால் மறுபக்கத்தாரின் சோதனை, வரி. யார் என்ன கொண்டுபோகிறார் என்று வீதியில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். வீ.பி.என். என்பது முத்திரை வைத்த கொள்கலன். வீதியில் நிற்பவருக்கு ஒரு கொள்கலன் போகிறது என்பது தெரியும், எங்கே போகிறது என்பதும் தெரியும், உள்ளே என்ன என்பது தெரியாது. போய்ச் சேருமிடத்தில்தான் முத்திரை உடைக்கப்படும். தமிழில் ‘மெய்நிகர் தனியார் வலையமைப்பு’ என்று எழுதுகிறார்கள். பொது வீதியில் தனியார் பாதை என்பதுதான் பொருள்.

இங்கே முக்கியமான கேள்வி, முத்திரையை உடைப்பவர் யார் என்பது. காசுக்கு விற்கும் வீ.பி.என். சேவைகளில் அவர் சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ இருக்கும் முகம் தெரியாத ஒரு நிறுவனம். அங்கிருந்து உங்கள் தகவல் திறந்த வீதியில் இறங்குகிறது. வங்கிக்குப் போனாலும், ‘இவர் நெதர்லாந்திலிருந்து வருகிறார்’ என்றுதான் வங்கி நினைக்கும்.

எனக்கு நடந்தது அதுதான். புறக்கோட்டையில் பெயின்றும் பைப் சாமான்களும் மொத்தமாகத் தரும் ஒரு முதலாளிக்கு அந்த மாதக் கடைசியில் செக் கொடுத்திருந்தேன். ஒரு வங்கியில் காசு இருந்தது, செக் போன வங்கியில் இல்லை. பின்னேரத்துக்குள் போன் வழியாக மாற்றிவிடலாம் என்றிருந்தேன். நாட்டில் வங்கிக்கு வங்கி உடனே காசு மாற்றும் வசதி 2015 முதல் இருக்கிறதே. ஆனால் அன்று வங்கியின் செயலி என்னை உள்ளே விடவில்லை. மூன்று முறை அமத்தினேன். கணக்கு பூட்டப்பட்டது. அழைப்பு நிலையத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றேன், லைன் அறுந்துபோனது. அந்த வங்கிக்கு மாங்குளத்தில் கிளை இல்லை. வவுனியாவுக்குப் போக மோட்டார் சைக்கிளில் எண்ணெய் இல்லை. செக் திரும்பியது.

மறுநாள்தான் வங்கியில் சொன்னார்கள். இரண்டு நாளாக எனது கணக்கில் யாரோ ஐரோப்பாவிலிருந்து நுழைய முயல்கிறாராம். அந்த ‘யாரோ’ நான்தான். வைஃபையை அணைத்துவிட்டு போன் டேற்றாவில் முதலே முயன்றிருந்தால் வேலை முடிந்திருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை.

கொழும்பு முதலாளியிடம் நெதர்லாந்து, ரவுட்டர் என்று விளக்கப் போனேன். அவர் எழுபது வயதுக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மகன், செக் திரும்பினதுக்கு நாப்பது வருஷத்தில ஆயிரம் காரணம் கேட்டிருக்கன். இது புதுசு" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கடன் இல்லை.

வங்கியைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தங்களிடமுள்ள அமானிதத்தைப் பாதுகாத்தார்கள். அத்தோடு, வங்கித் தளங்கள் ஏற்கெனவே முத்திரை வைத்துத்தான் தகவலை அனுப்புகின்றன. முகவரியின் முன்னால் பூட்டுப் படம் இருக்கிறதே, அதன் பொருள் அதுதான். வீட்டிலிருந்து வங்கிக்குப் போக இன்னொரு வீ.பி.என். தேவையே இல்லை. போலி வங்கித் தளத்தில் நீங்களாகவே போய் இரகசிய இலக்கத்தைக் கொடுத்தால் எந்த வீ.பி.என்.னும் தடுக்காது. ‘உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்பவனிடமிருந்தும் அது காப்பாற்றாது.

இலவச வீ.பி.என். பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2018இலும் 2019இலும் நாம் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினோம். ஒனாவோ என்ற இலவச வீ.பி.என்.னை 2013இல் பேஸ்புக் வாங்கியது. மக்கள் எந்தெந்தச் செயலியைப் பாவிக்கிறார்கள் என்று வேவு பார்க்கவே அது உதவியது. அப்பிள் நிறுவனத்தின் நிபந்தனையால் 2018இல் அதன் கடையிலிருந்து எடுக்கப்பட்டது, அடுத்த ஆண்டு மூடப்பட்டது. ஹோலா என்ற இன்னொன்று தனது இலவசப் பாவனையாளர்களின் இணைப்பையே மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டது 2015இல் வெளிவந்தது. உங்கள் வீட்டு இலக்கத்திலிருந்து யாரோ என்னவோ செய்திருப்பார்கள். 2020இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த ஏழு சேவைகள், ‘நாங்கள் எதையும் பதிவதில்லை’ என்று விளம்பரம் செய்துகொண்டே 1.2 ரெராபைற் பதிவுகளைத் திறந்தபடி விட்டிருந்தன. இலவசமாகச் சாமான் தருகிற கடைக்காரன் வேறு எதையோ விற்கிறான் என்பது நமக்குத் தெரியாதா?

இனி நான் இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். கடைக்காரனுக்கு உண்மையில் உதவுகிற வீ.பி.என். இதுதான். இதில் முத்திரை வைப்பவரும் நாமே, உடைப்பவரும் நாமே. நடுவில் எந்த நிறுவனமும் இல்லை.

எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலிருந்து வெளியேற்றப்பட்டது. மீண்டு வந்தது யுத்தம் முடிந்த பிறகு. வாப்பா புத்தளம் பாலாவியில் கட்டிய வீட்டில் இப்போது உம்மாவும் தம்பியின் குடும்பமும். வடக்கிலிருந்து போன முஸ்லிம்களில் பலருக்கு இப்படித்தான், கடை ஒரு மாவட்டத்தில், வீடு ஒரு மாவட்டத்தில். கணக்கு எழுதுவது தம்பி. கடைக் கணினியில் உள்ள கடன் புத்தகத்தையும் இருப்பையும் அவர் பாலாவியிலிருந்து பார்க்க வேண்டும். கடையிலும் வீட்டு முற்றத்திலும் உள்ள கமராவையும் பார்க்க வேண்டும்.

முன்பு இதற்கு ரவுட்டரில் ஒரு ‘போர்ட்’ திறந்து விட்டிருந்தோம். கமரா பூட்டியவர் கடவுச்சொல்லையும் பெட்டியில் வந்தபடியே விட்டுவிட்டுப் போனார். போர்ட் திறப்பதென்றால் கடையின் பின்கதவை ஏ-9 பக்கம் திறந்து வைப்பது மாதிரி. உலகம் முழுவதும் திறந்த கதவுகளைத் தேடிக்கொண்டு தானாக ஓடும் நிரல்கள் இராப்பகலாக வேலை செய்கின்றன. ஒருநாள் இரவு முற்றத்துக் கமரா தானாகத் திரும்பியது. வீட்டுப் பெண்கள் உடுப்புக் காயப்போடும் பக்கம் பார்த்தபடி நின்றது. நானும் திருப்பவில்லை, தம்பியும் திருப்பவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது என்று சூரத்துன் நூர் 27ஆவது வசனத்திலும், துருவி ஆராயக்கூடாது என்று சூரத்துல் ஹுஜுராத் 12ஆவது வசனத்திலும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அதை மற்றவனுக்குச் சொல்கிற நாம், நமது வீட்டுக் கதவைப் பூட்டுகிற கடமையை விட்டுவிட்டோம். காலையில் கமராவைக் கழற்றி வைத்தேன். அதற்குப் பிறகுதான் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ரவுட்டர். கம்பனி தருகிற பைபர் ரவுட்டரிலும் 4ஜி ரவுட்டரிலும் பெரும்பாலும் இந்த வசதி இராது. அதைக் கழற்றத் தேவையில்லை. வீ.பி.என். வசதியுள்ள இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி, கம்பனி ரவுட்டரின் லேன் துளையிலிருந்து புதியதின் வேன் துளைக்கு ஒரு வயர் இழுத்தால் போதும். டீ.பீ.-லிங்க், ஆசுஸ் ஆகியவற்றின் சில மாதிரிகளில் இது இருக்கிறது. மைக்ரோடிக் பெட்டிகளில் இருக்கிறது, ஆனால் அதன் திரை முதலில் பயமுறுத்தும். வாங்கும்போது பெட்டியில் ‘வீ.பி.என்.’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். வீ.பி.என்.னைத் தன்னூடே போக விடுகிற ரவுட்டர் வேறு, தானே வீ.பி.என். நடத்துகிற ரவுட்டர் வேறு. ‘வயர்கார்ட் சேவரும் கிளையன்றும் உண்டா’ என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால், மாதிரி இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்து வீட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வயர்கார்ட் என்றேன். பூட்டுகளிலும் வகை உண்டு. பீ.பீ.டீ.பீ. என்பது 1990களில் மைக்ரோசொஃப்ற் முன்னின்று கொண்டு வந்தது, பழைய ரவுட்டர்களில் இன்றும் இருக்கும், போடுவதும் சுலபம். ஆனால் அதை ஒரு நாளுக்குள் உடைக்கலாம் என்று 2012இலேயே காட்டிவிட்டார்கள். தொடவே வேண்டாம். ஓப்பன் வீ.பி.என். நல்லது. ஜேம்ஸ் யோனன் என்பவர் 2001இல் தொடங்கினார். மத்திய ஆசியாவில் பயணம் செய்துகொண்டே அலுவலகத்தோடு தொடர்புகொள்ள வேண்டியிருந்ததும், நடுவில் இருக்கும் நாடுகளின் கம்பனிகளை நம்ப முடியாமல் இருந்ததும்தான் அவருக்குத் தூண்டுதல். அதன் குறை, சின்ன ரவுட்டரின் மூளைக்கு அது பாரம். பெட்டியில் 300 என்று எழுதியிருந்தாலும் பாதையில் மிகக் குறைவாகவே ஓடும். வயர்கார்ட் அதைவிட இலேசானது. ஜேசன் டொனன்ஃபெல்ட் எழுதியது, நாலாயிரம் வரியளவில்தான் நிரல். 2020 மார்ச்சில் லினக்ஸின் உள்ளேயே சேர்க்கப்பட்டது. எங்களுடையது இதுதான்.

இனி எல்லாரும் விழுகிற குழி. 4ஜி ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பைப் பெரும்பாலும் எடுக்க முடியாது. இணைய இலக்கங்கள் 2011இலேயே உலக இருப்பில் தீர்ந்துவிட்டன. எனவே கம்பனிகள் ஓர் இலக்கத்தைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. தொடர்மாடியில் ஒரே தபால் பெட்டி மாதிரி. ரவுட்டரின் உள்ளே வேன் இலக்கம் 10இல் தொடங்கினாலோ, 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தாலோ நீங்கள் பங்கில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மாங்குளத்தில் எங்கள் கடை 4ஜி, பங்கில்தான் இருந்தது. பாலாவி வீட்டுக்கு பைபர், அங்கே தனி இலக்கம் வந்தது. ஆகவே கடையை அல்ல, வீட்டைத்தான் ‘சேவர்’ ஆக்கினோம். கடை ரவுட்டர் தானே போய் வீட்டைத் தட்டும், வீடு கதவைத் திறக்கும். ஒருமுறை திறந்துவிட்டால் இரண்டு பக்கமும் போய் வரலாம். இரண்டு பக்கமும் பங்கில் இருந்தால், கம்பனியிடம் மாதக் கட்டணத்தோடு நிலையான இலக்கம் கேட்க வேண்டும்.

பைபரிலும் இலக்கம் அடிக்கடி மாறும். அதற்கு டீ.டீ.என்.எஸ். என்று ஒன்று ரவுட்டரிலேயே இருக்கும். மாறும் இலக்கத்துக்கு மாறாத பெயர் வைப்பது. அதைப் போட்டோம். கம்பனியின் பைபர் ரவுட்டரில் 51820 என்ற யூ.டீ.பீ. போர்ட்டை மட்டும் நமது ரவுட்டருக்குத் திருப்பிவிட்டோம். போர்ட் திறக்கக்கூடாது என்று சற்று முன்தானே சொன்னேன் என்று கேட்பீர்கள். வயர்கார்ட்டின் கதவு வேறு மாதிரி. சரியான திறப்பு இல்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது, அங்கே கதவு இருப்பதே அவனுக்குத் தெரியாது.

திறப்பு இரண்டு. ஒன்று இரகசியத் திறப்பு, அது அந்தப் பெட்டியை விட்டு வெளியே போகக்கூடாது. மற்றது பொதுத் திறப்பு, அதை மற்றப் பக்கத்தில் எழுதுகிறோம். வீட்டு ரவுட்டரில் கடையின் பொதுத் திறப்பு, கடை ரவுட்டரில் வீட்டினுடையது. இரண்டும் ஒத்துப்போனால்தான் பாதை திறக்கும். இரகசியத் திறப்பை வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். என்னிடம் ஒருவர் அனுப்பினார், புதிதாக உண்டாக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

எல்லாம் எழுதியும் இரண்டு நாள் வேலை செய்யவில்லை. காரணம் சின்னது. வீட்டிலும் 192.168.1 என்ற வரிசை, கடையிலும் அதே 192.168.1. ஒரே வீதியில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் இருந்தால் தபால்காரன் என்ன செய்வான்? வீட்டை 192.168.10 என்றும் கடையை 192.168.20 என்றும் மாற்றினோம். உடனே தம்பி போனில், "நானா, கடையின்ட ஸ்ரொக் ஷீற் தெரியுது!" என்று கத்தினார். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனது செக்கைத் திருப்பிய பிழை இங்கே எப்படி வராமல் போனது என்று கேட்கலாம். வயர்கார்ட்டில் ‘அனுமதித்த இலக்கங்கள்’ என்று ஒரு பெட்டி வரும். எல்லாப் பூச்சியங்களையும் (0.0.0.0/0) எழுதினால் வங்கி, யூடியூப் எல்லாமே பாலாவி வழியாகத்தான் போகும். அப்படிச் செய்யாமல் கடை ரவுட்டரில் வீட்டு வரிசையையும் பாதைக்கான வரிசையையும் மட்டும் எழுதினோம். வீட்டுக்குப் போகிற சாமான் பூட்டிய பாதையில் போகும், வங்கிக்குப் போவது வழமையான வீதியில் நேராகப் போகும். முதலில் எனக்குப் பூட்டித் தந்த தம்பி இந்த ஒரு வரியை விட்டிருந்தார், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு சின்ன விடயம். கடைப் பக்கத்தில் ‘கீப்அலைவ்’ என்ற இடத்தில் 25 என்று போட வேண்டும். இல்லாவிட்டால் சற்று நேரம் பேச்சில்லாமல் இருந்ததும் 4ஜி கம்பனி பாதையை மறந்துவிடும். அடுத்தது, பாலாவியில் மின்சாரம் போய் வந்து இலக்கம் மாறினால், கடை ரவுட்டர் பழைய இலக்கத்தையே தட்டிக்கொண்டு நிற்கும். பெயரை அது தொடக்கத்தில் ஒருமுறைதான் பார்க்கிறது. ஆகவே தினமும் சஹர் நேரத்துக்கு முன் ஒருமுறை தானாக அணைந்து எழும்பும்படி வைத்தோம். 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். ரவுட்டருக்கென்றே வரும் 12 வோல்ற் சின்ன யூ.பீ.எஸ். ஒன்றையும் இரண்டு பக்கமும் வையுங்கள். மின்சாரம் இல்லாத வீ.பி.என். வெறும் பெட்டி.

போனிலும் இதே பாதையைப் போடலாம், ரவுட்டர் காட்டும் கோலத்தைப் படம் பிடித்தால் போதும். கொழும்பில் நின்றுகொண்டு கடையில் எத்தனை பக்கெற் ஆணி இருக்கிறது என்று பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு போனுக்கும் தனித் திறப்பு. போன் தொலைந்தால், அல்லது வேலைக்கு நின்ற பையன் விலகினால், அந்த ஒரு திறப்பை மட்டும் அழித்துவிடலாம். ஒரே திறப்பை எல்லாருக்கும் கொடுத்தால், ஒருவர் போகும்போது எல்லாருடைய பூட்டையும் மாற்ற வேண்டும். அல்மாரித் திறப்பு விடயத்தில் நாம் கவனமாக இருப்போம், இதில் ஏனோ இல்லை.

ரவுட்டரின் தலைமைக் கடவுச்சொல்லை மாற்றுவதும், வெளியிலிருந்து அதை நிர்வகிக்கும் வசதியை மூடுவதும், புதிய மென்பொருள் வந்தால் ஏற்றுவதும் இதற்கெல்லாம் முதல் வேலை. 2018 மே மாதம் வீ.பி.என்.ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் ஐந்து இலட்சம் ரவுட்டர்களுக்குள் புகுந்திருப்பதை சிஸ்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லாம் வீட்டிலும் சின்னக் கடையிலும் இருக்கிற வகைப் பெட்டிகள். கதவே கள்ளனுடையது என்றால் பூட்டு எதற்கு?

வளைகுடாவில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் குரல் அழைப்பு வேலை செய்யாது என்பதால், நமது பிள்ளைகள் அங்கே வீ.பி.என். போட்டு உம்மாவோடு பேசுகிறார்கள். அந்த நாட்டின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தில், வேறு இலக்கத்துக்குள் மறைந்து ஒரு குற்றத்தைச் செய்தாலோ அது தெரியாமல் தடுத்தாலோ சிறையும், ஐந்து இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் திர்ஹம் வரை தண்டமும் உண்டு. கம்பனிகள் முறையாக அலுவலக வேலைக்குப் பாவிப்பது வேறு. பேச வேண்டுமென்றால் அந்த நாடு அனுமதித்த செயலிகள் இருக்கின்றன, அவற்றில் பேசச் சொல்லுங்கள். இந்தியாவோடு வியாபாரம் செய்பவர்களும் அறிய வேண்டியது ஒன்று. 2022 ஏப்ரலில் வந்த உத்தரவின்படி அங்கே வீ.பி.என். விற்பவர்கள் வாடிக்கையாளர் விபரத்தை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் பெரிய சேவைகள் சில தங்கள் இயந்திரங்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. இவை விற்கப்படும் சேவைகளைப் பற்றியவை. எனது கடையிலிருந்து எனது வீட்டுக்குப் போகும் பாதைக்கு நடுவில் விற்பவர் இல்லை.

முறிகண்டி நண்பரின் பெட்டிக்கு வருவோம். அவருக்கு ஒரே இடத்தில்தான் வீடும் கடையும். வேறு ஊரிலிருந்து கணக்குப் பார்க்க ஆளில்லை. கமராவும் இல்லை. "உங்களுக்கு இது தேவையில்லை, கடவுச்சொல்லை மட்டும் மாற்றித் தருகிறேன்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. வாங்கிய காசு போச்சே என்ற கவலை. சரி, பழைய ரவுட்டரைவிட இதன் வீச்சு நல்லது, சாக்கு அறைவரை வைஃபை எட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

கொழும்பு முதலாளி இன்னும் எனக்குக் கடன் தருவதில்லை. கைக்காசு கொடுத்துத்தான் சாமான் எடுக்கிறேன். போன மாதம் அவருடைய கடைக்குப் போனபோது கல்லாவுக்கு மேலே புதுக் கமரா ஒன்று தொங்கியது. யார் பூட்டியது, கடவுச்சொல்லை மாற்றினார்களா என்று கேட்டேன். மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. பில்லைப் போடுவதை நிறுத்திவிட்டு, "மகன், நீங்க கொஞ்சம் உள்ளுக்கு வாங்க" என்று என்னை மேசைப் பக்கம் கூட்டிப்போனார்.